கப்பல் பத்து மணித்தியாலம் நிற்கும்: சீகிரியாவுக்குப் போய் வரலாமா?

கேள்வி: நாங்கள் மதுரைக்காரர்கள். ஆகஸ்ட் மாதம் சென்னையிலிருந்து கப்பலில் இலங்கை வருகிறோம். கப்பல் காலை 8 மணிக்குத் திருகோணமலைக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்பும். 5 மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டுமாம். மறுநாள் காங்கேசன்துறை. நான், கணவர், 14 வயது மகன், 71 வயது அத்தை என நாலு பேர். அத்தைக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. சீகிரியாவுக்குப் போய்வர ஒரு நாள் சுற்றுலாவைக் கப்பல்காரர்களே ஏற்பாடு செய்கிறார்கள். கணவர் இணையத்தில் ஒரு வேன்காரரைப் பிடித்திருக்கிறார். அவர் சீகிரியா, கண்டி இரண்டையும் காட்டி நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவேன் என்கிறார். கப்பல் கட்டணத்தில் பாதிகூட இல்லை. அத்தைக்குக் கோணேசர் கோயில் போதும். இவ்வளவு தூரம் வந்தும் சீகிரியா பார்க்காமல் திரும்புவதா என்று கணவருக்கு மனசு ஆறவில்லை. அந்த ஒரு நாளை நாலு பேரும் சேர்ந்து கழிக்க வேண்டும் என்பது என் ஆசை. என்ன செய்யலாம்?
– மதுரை வாசகி

பதில்:

சகோதரி, முதலில் கண்டியை மறந்துவிடுங்கள். இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. திருகோணமலையிலிருந்து கண்டி ஏறத்தாழ 180 கிலோமீற்றர். தம்புள்ளை வரை வாகனம் ஓரளவு ஓடும். அதன் பிறகு நாவுல, மாத்தளை என்று ஊருக்கு ஊர் நெரிசல், மலைப்பாதை. ஒரு வழிக்கே நாலரை மணித்தியாலம் பிடிக்கும். சீகிரியா போய், அங்கிருந்து கண்டி போய், கண்டியிலிருந்து துறைமுகம் திரும்புவதென்றால் ஓட்டம் மட்டுமே ஒன்பது மணித்தியாலத்தைத் தாண்டும். உங்கள் கையில் மொத்தமாகவே அவ்வளவு நேரம் இல்லை. இரண்டையும் காட்டுவேன் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், கப்பல் போய்விடும் என்ற பயம் அவருக்கு இல்லை, அந்தப் பயம் உங்களுக்கு மட்டும்தான். அவருக்கு முற்பணம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

இனி சீகிரியா, அந்தப் பழைய பாறைக் கோட்டை. அங்கே போய்வருவது முடியாத காரியமில்லை, அதனால்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. 2023 ஜூனில் சென்னைக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டு வாசகர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். எல்லோரும் தூரத்தைக் கேட்கிறார்கள். தூரம் பெரிய சிக்கல் இல்லை. கந்தளாய், ஹபரணை வழியாக ஏறத்தாழ 100 கிலோமீற்றர், வீதியும் நல்லது. வான் என்றால் இரண்டு மணித்தியாலம், நாற்பது பேர் ஏறிய பஸ் என்றால் இரண்டரை.

நேரத்தைப் பின்பக்கமிருந்து எண்ணிப் பாருங்கள். 5 மணிக்கு ஏற வேண்டும் என்றால் 4 மணிக்கு நீங்கள் துறைமுக வாசலில் நிற்க வேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்தை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலையில் 8 மணிக்குக் கப்பல் வந்தாலும் அதிகாரிகள் ஏறி, தாள்கள் பார்த்து, மக்களை இறக்க 9 மணி ஆகிவிடும். கப்பல் கரையில் கட்டாமல் குடாவுக்குள் நங்கூரமிட்டால் படகில்தான் கரைக்கு வர வேண்டும். அப்போது வரிசையும் சேர்ந்துகொள்ளும். ஆக, 9 முதல் 4 வரை ஏழு மணித்தியாலம். அதில் போக வர நாலரை, ஐந்து போனால் மிச்சம் இரண்டு, மிஞ்சினால் இரண்டரை. சீகிரியாக் குன்றில் ஏறி இறங்க உடம்பு நன்றாக உள்ளவருக்கே இரண்டு மணித்தியாலம் வேண்டும். சாப்பாட்டை வாகனத்தில் முடித்துக்கொண்டால் கணக்கு ஒத்துவரும். அப்படிப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் முடியுமா என்று கேட்டால், முடியும்.

ஆனால் நீங்கள் அங்கே எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள்? பதினொன்றரைக்கு. நான் யோசிப்பது இதைத்தான். இந்த நாட்டின் நடுப்பகுதியில் பார்க்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல வேளை இருக்கிறது. அந்த வேளை தப்பினால் இடம் அங்கேயே இருக்கும், பார்க்க வந்த காட்சி மட்டும் இருக்காது. சீகிரியாவின் நல்ல வேளை விடியற்காலை. வாசல் திறந்த உடனே ஏறுகிறவர்களுக்குத்தான் அந்தக் குன்று தன்னைக் காட்டும். கீழே நீர்த்தோட்டங்களில் பனி இருக்கும், மேலே காற்று குளிர்ந்திருக்கும், படியில் உங்களுக்கு முன்னால் பத்துப் பேர்தான் இருப்பார்கள். பதினொன்றரைக்குப் பாறை சூடேறிவிடும். ஏறத்தாழ 1,200 படிகள். தொடக்கத்தில் மரநிழல் உண்டு. ஓவியங்கள் இருக்கும் இடத்துக்குப் பாறையோடு ஒட்டிய சுழல் இரும்புப் படியில் போக வேண்டும். அதில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நகரலாம். முன்னால் போகிறவர் மூச்சு வாங்க நின்றால் பின்னால் இருப்பவர் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். கைபிடிக் கம்பி வெயிலில் சுடும். சிங்கப் பாதங்கள் இருக்கும் முற்றத்துக்கு வந்து நிமிர்ந்தால் உச்சிக்குப் போகும் இரும்பு ஏணிப்படிகள் நேரே வெயிலைப் பார்த்து நிற்கும். பாதிப் பேர் அந்த இடத்தில்தான் உட்கார்ந்துவிடுகிறார்கள். உச்சியில் நிழல் என்று எதுவுமே இல்லை. அங்கே குளவிக் கூடுகள் உண்டு, சத்தம் போடக் கூடாது என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளவி கிளம்பினால் ஏற்றத்தையே நிறுத்திவிடுவார்கள்.

நீங்கள் வருவது ஓகஸ்ட். அது இங்கே கச்சான் காற்றுக் காலம். மேற்கிலிருந்து மலை தாண்டி வரும் அந்தக் காற்று ஈரத்தையெல்லாம் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு இங்கே காய்ந்து வந்து சேரும். நடுப்பகலில் முகத்தில் அடித்தால் உதடு வெடிக்கும். மதுரை வெயில் பார்த்தவர்கள் நீங்கள், தாங்குவீர்கள். ஆனால் கையில் இரண்டு மணித்தியாலம்தான், கப்பல் நேரம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்ற நிலையில் அந்த வெயிலில் ஏறுவது வேறு. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் என்ற அரசன் தந்தையைக் கொன்று அரசைப் பிடித்தவன். தென்னிந்தியாவுக்குத் தப்பிப்போன தம்பி முகலன் படையோடு திரும்புவான் என்று பயந்து இந்தப் பாறை உச்சியில் மாளிகை கட்டினான் என்பது வரலாறு. அந்த உச்சியில் நின்று நாலு பக்கமும் காட்டைப் பார்க்கும்போதுதான் அவன் பயம் நமக்குப் புரியும். அதற்கு அங்கே சும்மா கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். உங்களுக்கு அந்த நேரம் கிடைக்காது.

யானைக்கும் இதே கதைதான். ஓகஸ்டில் மின்னேரியாவில் யானைக் கூட்டம் கூடும் என்று கேள்விப்பட்டு, சீகிரியாவோடு அதையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். உங்கள் கணவரும் கேட்கக்கூடும். கேள்விப்பட்டது உண்மை. வறட்சியில் மின்னேரியாக் குளம் வற்றி, வற்றிய படுகையில் பச்சைப் புல் முளைக்கும். அந்தப் புல்லுக்காகவும் தண்ணீருக்காகவும் சுற்றுக் காடுகளிலிருந்து நூற்றுக்கணக்கில் யானைகள் வரும். ஆனால் அவை வெயில் சாய்ந்த பிறகு, மூன்று மூன்றரைக்குப் பின்தான் காட்டை விட்டு வெளியே வரும். பொழுதுபட முன்னுள்ள இரண்டு மணித்தியாலம்தான் அதன் அழகு. அந்த நேரத்தில் நீங்கள் துறைமுக வாசலில் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டிருப்பீர்கள். மத்தியானம் ஒரு மணிக்கு ஜீப்பில் போனால் புழுதியையும் தூரத்தில் மரநிழலில் இரண்டு முதுகையும் பார்த்துவிட்டு வரலாம். பக்கத்தில் யானை பார்க்கப் போகும் இன்னொரு இடமான கவுடுல்லையும் அப்படித்தான்.

பொலனறுவையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சீகிரியாவைவிடப் பொலனறுவைதான் நெருக்கமானது என்பது என் கருத்து. சோழர் இங்கே ஆண்டபோது அதுதான் தலைநகர், ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டிருந்தார்கள். வானவன் மாதேவி ஈஸ்வரம் என்ற சிறிய கற்கோயில் இன்றும் முழுதாக நிற்கிறது. பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை, ராஜராஜனின் தேவி பெயரில் எழுந்தது, சுவரில் தமிழ்க் கல்வெட்டு. தொல்பொருள் திணைக்களப் பலகையில் 'இரண்டாம் சிவ தேவாலயம்' என்றுதான் இருக்கும், அதனால் பலர் தெரியாமல் கடந்து போய்விடுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணோடு அதன் முன்னால் நின்றால், கையில் அடங்கும் அளவில் அதே கையெழுத்து தெரியும். பொலனறுவை சமதரை. ஒவ்வொரு இடத்துக்கும் வாகனத்திலேயே போகலாம், உங்கள் அத்தைக்குக்கூட ஒத்துவரும். ஆனால் போகவே இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல், திரும்பவும் அவ்வளவு. ஏழில் அது போனால் மிச்சம் ஒன்றரை. பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் இருக்கும் கல் விகாரையையும் இந்தக் கோயிலையும் ஓட்டமாகப் பார்த்துவிட்டு ஓடி வர வேண்டும். இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அநுராதபுரமும் இதே தூரக் கணக்குத்தான். அங்கே கூடுதலாகச் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டும்.

சரி, வேனா கப்பல் சுற்றுலாவா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் தனியாக வாகனம் ஏற்பாடு செய்துகொடுக்கிற தொழிலில் இருப்பவன். இருந்தாலும் சொல்கிறேன், கப்பல் நாளில் 100 கிலோமீற்றர் உள்ளே போவதென்றால் கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போங்கள். விலை கூட, பஸ் மெதுவாகப் போகும், கடைக்குக் கூட்டிப் போவார்கள், எல்லாம் உண்மை. ஆனால் அவர்களுடைய பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். உங்கள் வான் பிந்தினால் காத்திராது. கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த ஒன்றுக்குத்தான். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் வீதியின் இரு பக்கமும் காடு. பின்னேரம் யானை வீதிக்கு வந்து நின்றால், அது போகும்வரை இரண்டு பக்கமும் வாகனங்கள் நிற்க வேண்டியதுதான். ஒரு முறை ஒரு குடும்பத்தோடு திரும்பி வரும்போது தனியன் யானை ஒன்று வீதி நடுவில் நின்றுகொண்டது. லொறிக்காரர் ஒருவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார், அது இரண்டடி முன்னுக்கு வந்தது. அவ்வளவுதான், எல்லோரும் பின்னுக்கு எடுத்தோம். பின் இருக்கையில் இருந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கண்ணை மூடிக் கும்பிடுவதுமாக இருந்தார். கப்பலைப் பிடித்துவிட்டோம். ஆனால் அந்தக் குடும்பம் சீகிரியாவை நினைக்கும்போது அந்த அரை மணித்தியாலம்தான் நினைவுக்கு வரும்.

கப்பல் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த துறை காங்கேசன்துறை, வீதியால் இருநூறு கிலோமீற்றருக்கு மேல். இரவோடிரவாகப் போக வேண்டும். கடவுச்சீட்டைப் பல கப்பல்களில் அலுவலகத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அப்போது கையில் இருப்பது பிரதி மட்டும்தான். முழங்கால் வலியோடு ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு அந்த நிலைமையில் நிற்க உங்களுக்கு வேண்டாம்.

இப்போது உங்கள் அத்தை சொன்னதற்கு வருகிறேன். நாட்டின் உட்பகுதியில் இருக்கும் இடங்களுக்கெல்லாம் கப்பல் நேரம் ஒத்துவரவில்லை என்றேன். திருகோணமலைக்கு அது அப்படியே ஒத்துவரும். கோணேசர் கோயிலின் நல்ல வேளை காலை. 9 மணிக்குக் கரைக்கு வந்தால் உச்சிப் பூசைக்கு முன்பே போய்விடலாம். உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தினால் பின்னேரம்தான் திறப்பு, ஆகவே கோயிலை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால்தான் போக வேண்டும். கோட்டை வாசலில் வாகனத்தை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் மதுரைக்காரர்கள் என்பதால் இதைக் கட்டாயம் சொல்கிறேன். வாசல் நிலைக்கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது. பாண்டியர் மீன். அதன் பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ்க் கல்வெட்டு. முன்னே குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கியர் பிரிப்பார்கள் என்று தொடங்கும் பாட்டு அது என்று படித்திருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே போட்டுக் கோட்டை கட்டினார்கள். அப்படிக் கோயிலிலிருந்து பெயர்ந்து வந்த கல்தான் இன்று கோட்டைக்கு வாசற்கல்லாக நிற்கிறது. உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் கண்ட இடத்திலும் படம் எடுக்க முடியாது, காவலில் நிற்பவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். மகனைக் கிட்டக் கூட்டிப்போய் அந்த மீனைக் காட்டுங்கள். மழையும் உப்புக்காற்றும் அரித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் கோடு தெரியும்.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்டுக்குட்டிகளைப் போல ஆள் பக்கத்தில் நிற்கும். மேலே வாகனம் நிற்கும் இடத்திலிருந்து கோயில்வரை கடைகளுக்கு நடுவே ஒரு ஏற்றம் உண்டு. அத்தையை அவசரப்படுத்தாமல் நடத்திக்கொண்டு போங்கள், இடையில் உட்கார இடம் கிடைக்கும். சம்பந்தர் பாடிய தலம் இது. ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்றவை திருக்கோணேச்சரமும் திருக்கேதீச்சரமும் ஆகிய இரண்டுதான். ஊர்ப் பெரியவர்கள் சிலர் அந்தப் பதிகத்தைச் சன்னதியில் நின்று பாடுவதுண்டு, அத்தைக்குத் தெரிந்திருந்தால் அவரும் பாடலாம். இப்போதுள்ள கோயில் 1952இல் எழுந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1950இல், நகரசபை ஆட்கள் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்து எங்கள் முன்னோர் புதைத்து வைத்தவை. மூன்று நூற்றாண்டுக்கு மேல் மண்ணுக்குள் இருந்தவை இன்று பூசையில் இருக்கின்றன. மகனுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும், இராவணன் வெட்டு என்பார்கள். 1950களில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அந்தக் கடலடியில் முக்குளித்து, விழுந்து கிடந்த கோயில் தூண்களைப் பார்த்தார்கள். வில்சன் மேலே கொண்டுவந்த இலிங்கம் கோயிலில் இருக்கிறது.

கோயிலில் அவசரமே இல்லாமல் இரண்டு மணித்தியாலம் இருக்கலாம். அப்புறம் கன்னியா வெந்நீரூற்று, அநுராதபுர வீதியில் 8 கிலோமீற்றர் அளவு. ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு அளவு. தாய்க்கு இறுதிக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கியது என்பது ஐதீகம், நாங்களும் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போவதுண்டு. வாளியில் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். முழங்காலுக்கு இளஞ்சூடாக நாலு வாளி ஊற்றினால் அத்தைக்கு இதமாக இருக்கும். மாற்றுடுப்பு ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள்.

மத்தியானம் நகரில் ஏதாவது சைவக் கடையில் வாழையிலைச் சாப்பாடு, இல்லை மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் அதற்கு இங்கே குறையே இல்லை. அதற்குப் பிறகுள்ள இரண்டரை மணித்தியாலத்தை அத்தையின் தெம்பைப் பார்த்து முடிவெடுங்கள். தெம்பு இருந்தால் தம்பலகாமம். நகரிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீற்றர், வயல் நடுவே ஆதி கோணநாயகர் கோயில். கோணேசர் கோயில் இடிந்த பிறகு காப்பாற்றப்பட்ட திருமேனிகளை வைத்து எழுந்தது என்று சொல்வார்கள். நடை சாத்தியிருந்தாலும் அந்த ஊரைப் பார்ப்பதற்கே போகலாம், வரும் வழியில் சட்டித் தயிர் வாங்கலாம். தெம்பு இல்லை, மகனுக்கும் கடல் வேண்டும் என்றால் நிலாவெளி. ஓகஸ்டில் கிழக்குக் கடல் குளம் போல் கிடக்கும், கரையில் நிழலில் அத்தையை இருத்திவிட்டுக் குளிக்கலாம். பவளப்பாறை பார்க்கப் புறாத்தீவுக்குப் படகில் போக வேண்டும் என்றால் அதைக் காலையிலேயே செய்வது நல்லது. அப்படியென்றால் கோயிலுக்கு நீங்களும் அத்தையும், தீவுக்குக் கணவரும் மகனும் என்று காலையில் பிரிந்து, மத்தியானம் நிலாவெளியில் சேர்ந்துகொள்ளலாம்.

நாலு பேரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையை முதலில் வைத்துப் பார்த்தால் என் பதில் இதுதான்: நாட்டின் உட்பகுதிக்குப் போகாதீர்கள். அத்தையைச் சீகிரியாவுக்குக் கூட்டிப்போனால் அவர் குன்றடியில் இரண்டு மணித்தியாலம் தனியே இருப்பார், நீங்களும் துணைக்கு இருப்பீர்கள். ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் குலுங்கிவிட்டு ஒரு பாறையை அண்ணாந்து பார்த்துத் திரும்ப வேண்டும். பஸ்ஸுக்குள் மட்டும்தான் நாலு பேரும் ஒன்றாக இருப்பீர்கள்.

கணவருக்கு அப்படியும் மனசு ஆறவில்லை என்றால், அவரும் மகனும் கப்பல் சுற்றுலாவில் சீகிரியா போகட்டும், நீங்களும் அத்தையும் இங்கே இருங்கள். அதில் தவறே இல்லை. பதினாலு வயதுப் பையன் வெயிலைப் பொருட்படுத்த மாட்டான், அப்பாவோடு ஏறினேன் என்று நாளைக்குச் சொல்வான். அப்படிப் போவதானால் அது போயா நாளா (பௌர்ணமி விடுமுறை), வார இறுதியா என்று நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நாட்களில் படி வரிசை மிக நீளும். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், தொப்பி, வழுக்காத சப்பாத்து வேண்டும். இந்தியா உட்பட்ட சார்க் நாட்டவருக்கு நுழைவுச் சீட்டு விலை குறைவு, அதற்குக் கடவுச்சீட்டுக் கேட்பார்கள். சீட்டுச் சுற்றுலாக் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஓவியங்களைப் படம் எடுக்க விடமாட்டார்கள், மகனிடம் சொல்லிவையுங்கள்.

எந்தக் கப்பலுக்கும் இதே பதிலைத்தான் சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். கப்பல் இரவு தங்குமானால், அல்லது காலை 6 மணிக்கு வந்து இரவு 9 மணிக்குக் கிளம்புமானால், நானே சீகிரியா போங்கள் என்பேன். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள், மறுபடி இந்தப் பக்கம் வரப்போவதே இல்லை என்கிறவர்கள் கேட்டால், வெயிலைப் பொறுத்துக்கொண்டு போய்வாருங்கள் என்பேன். நீங்கள் மதுரை. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகாது, யாழ்ப்பாணத்துக்கும் விமானம் இருக்கிறது. இன்னொரு ஓகஸ்டில் நாலு நாள் ஒதுக்கி வந்து ஹபரணையில் தங்குங்கள். முதல் நாள் பின்னேரம் மின்னேரியா யானை, மறுநாள் விடியச் சீகிரியா, அடுத்த நாள் முழுக்கப் பொலனறுவை. அப்போது அத்தை பொலனறுவைக்கு மட்டும் கூட வந்தால் போதும்.

இப்போதைக்குக் கப்பல் அலுவலகத்தில் இரண்டு விஷயம் கேட்டு வையுங்கள். திருகோணமலையில் கப்பல் கரையில் கட்டுமா, இல்லை படகில் இறக்குவார்களா? சீகிரியாச் சுற்றுலாவில் போகாதவர்களை எத்தனை மணிக்கு இறங்க விடுவார்கள்? பல கப்பல்களில் சுற்றுலாப் பயணிகளை முதலில் இறக்கிவிட்டுத்தான் மற்றவர்களை விடுவார்கள், அதனால் கோயிலுக்குப் போகும் நேரம் பிந்தலாம். துறைமுகத்துக்குள் வெளி வாகனம் வர விடமாட்டார்கள், வாசலில்தான் நிற்கும். வாகனம் பேசும்போது சாரதியிடம் சுற்றுலா அதிகாரசபையின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அரைவாசிப் பணத்தைத் துறைமுக வாசலில் திரும்ப இறங்கிய பிறகு கொடுங்கள். இறங்கும் நேரம் தெரிந்ததும் ஒரு வரி எழுதினால், கோயில் பூசை நேரத்தை விசாரித்து அதற்கேற்றபடி நாளைப் பிரித்து எழுதி அனுப்புகிறேன். ஆண்கள் சன்னதியில் மேற்சட்டையைக் கழற்ற வேண்டி வரும், கணவருக்கும் மகனுக்கும் வேட்டி எடுத்து வாருங்கள்.